பற்றையினின்று எழும் புட்கள்

“காலடிச் சத்தங் கேட்டது, பறவை பறந்தது.” கௌதாரியைப் பற்றியோ காட்டுக்கோழியைப் பற்றியோ மாணவர் எழுதுங் கட்டுரைகளில் ஒரு பந்தி வருமாயின், அது பெரும்பாலும் இவ்வாறே முடியும். வாக்கியத்திற் பிழையில்லை; பொருளிலேதான் குறையுளது. காலடிச் சத்தத்திற்கும் பறத்தலுக்கும் இடையே அப்பறவை செய்யுஞ் செயல்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை நம் கண்ணிற் படாமலே நடந்து முடிந்துவிடுகின்றன. சிறகோசை கேட்ட பின்னரே நாம் தலைநிமிர்கின்றோம். அப்போது காண்பது கூத்தின் கடைசிக் காட்சி மட்டுமே.

நிலத்திலே இரைதேடி, நிலத்திலே முட்டையிட்டு, அஞ்சியபோது மாத்திரம் சிறகை நம்பும் கௌதாரி, காடை, காட்டுக்கோழி என்னும் புட்களே இக்கட்டுரைக்குப் பொருள். அவை மறைந்திருக்கும் பற்றையை ஒருவர் அணுகும்போது அவை வெளிப்படுவதை ‘எழுதல்’ என்றும், அவ்வாறு வெளிப்படச் செய்வதை ‘எழுப்புதல்’ என்றும் இங்கு வழங்குவோம். முற்காலத்தில் இவ்வறிவு துவக்கேந்திய வேட்டைக்காரருக்கே உரியதாயிருந்தது. பறவை எப்பக்கம் எழும், எவ்வளவு தூரம் பறக்கும், எங்கே விழுந்து ஒளிக்கும் என்பதை அறியாதவனுக்குக் கறி கிடையாது. இக்காலத்திற் கறியை விடுத்து அறிவை மாத்திரம் பெற்றுக்கொள்ள விரும்புவார்க்கு இக்கட்டுரை பயன்படலாம்.

பழந்தமிழ்ப் புலவர் இப்புட்களை நன்கறிந்தவர்கள். கௌதாரியைச் சிவல் என்றனர். காடையைப் பூழ் என்றும் குறும்பூழ் என்றும் வழங்கினர். காட்டுக்கோழி அவர்க்குக் கானக்கோழி. இதல் என்னுஞ் சொல்லுக்குக் காடை என்று பொருள் கூறுவாரும் கௌதாரி என்று கூறுவாரும் உளர். கலித்தொகையின் மருதப் பகுதியிற் குறும்பூழ்ப்போர் பேசப்படுகின்றது. வடமொழியிலே கௌதாரிக்குத் தித்திரி என்று பெயர். யாஞ்ஞவல்கியர் உமிழ்ந்த யசுர்வேதத்தை ஏனைய மாணாக்கர் தித்திரிப் பறவைகளாகி உண்டனர் என்றும், அதனாலேயே தைத்திரீயம் என்ற பெயர் வந்தது என்றும் புராணங் கூறும். இந்துக் கல்லூரியிற் பயின்றவர்கள் அக்கதையைக் கேட்டிருப்பர். அக்கதைக்குரிய பறவை தம் வீட்டு வேலிக்கப்பால் வடலிக்குள் நின்று கூவுகின்றதென்பதை எத்துணைப் பேர் எண்ணியிருப்பர்? தித்திரி என்பதே அதன் கூவலைப் போன்ற ஒலிக்குறிப்புத்தான். விடியற்காலையில் ஒருமுறை செவிகொடுத்துக் கேட்டால் ஐயந் தீரும்.

நமது பகுதியிற் காணப்படுவது சாம்பற் கௌதாரி. இலங்கையில் அது புத்தளந் தொடக்கம் மன்னார் வழியாக யாழ்ப்பாணக் குடாநாடு வரையுள்ள வறண்ட நிலத்துக்குரியது. 1789இல் அதற்கு அறிவியற் பெயரிட்ட கிமெலின் என்னுஞ் செருமானிய அறிஞர், புதுச்சேரியின் பெயரை அதற்குச் சூட்டினார். அதன் நீளம் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர். உடலெங்கும் சாம்பரும் கபிலமுங் கலந்த நுண்வரிகள். மஞ்சள் தோய்ந்த கழுத்தைச் சுற்றி ஒரு கருங்கோடு. சேவலின் காலிலே முள். பூநகரிக்கு மேற்கே கடல்நீரேரியை நோக்கி நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலத்திற்குக் கௌதாரிமுனை என்றே பெயர். மணற்றிட்டியும் வடலியும் முட்பற்றையுங் கலந்த அத்தகைய நிலமே இப்பறவைக்கு உவப்பானது. அடர்ந்த காட்டையும் அது விரும்பாது. மறைவேயில்லாத வெளியையும் விரும்பாது. ஓடுதற்கு வெளியும் ஒளித்தற்குப் பற்றையும் அடுத்தடுத்து அமைந்த இடமே அதற்கு வேண்டும். இதனை மனத்திற் கொண்டால் அதன் நடத்தையிற் பாதி விளங்கிவிடும்.

மனிதன் வருவதைக் கௌதாரி முதலில் உணர்ந்ததும் கொத்துவதை நிறுத்தும், கழுத்தை நிமிர்த்தும். அடுத்து, ஓசையின்றி நடக்கத் தொடங்கும். நடை விரைவில் ஓட்டமாகும். தலையைத் தாழ்த்தி, ஒரு பற்றையின் நிழலிலிருந்து அடுத்த பற்றையின் நிழலுக்கு ஓடும். ஓடித் தப்பக்கூடிய இடத்தில் அது பறப்பதில்லை. எனவே ஒரு பற்றையைச் சுற்றிவந்து, “இங்கே பறவையில்லை” என்று நாம் தீர்மானிக்கும் வேளையில், ஐந்தாறு கௌதாரிகள் நமக்கு முன்னரே அவ்விடத்தை விட்டகன்றிருக்கக்கூடும். மணலிலே மூன்று விரல் முன்னும் ஒரு விரல் பின்னுமாகப் பதிந்த புதிய சுவடுகளைக் கண்டே அதனை அறிதல் வேண்டும். எழாத பறவையையும் குறிப்பேட்டில் எழுதுவதற்கு இச்சுவடே சான்று.

ஓடுவதற்கு வழியில்லையெனில் பதுங்கும். பதுங்குதல் அச்சத்தால் நேரும் மயக்கமன்று. அதுவும் ஒரு செயலே. பருந்தும் கீரியும் அசைவைக் கண்டு இரையை அறிவன. வரிகள் நிறைந்த கபிலநிற முதுகு அசையாதிருக்கும்வரை மண்ணோடு மண்ணாகவே தோன்றும். நோர்வே நாட்டிலே தாமிகன் என்னும் பறவை இக்கோழியினத்தைச் சேர்ந்தது. அடைகாத்திருக்கும் பேடுகளின் நெஞ்சத் துடிப்பை அங்குள்ள ஆய்வாளர் கருவிகொண்டு அளந்தனர். மனிதன் அணுகும்போது துடிப்பு விரைவதற்கு மாறாக மெதுவாயிற்று. பதுங்கிய பறவை உடலின் உள்ளேயும் தன்னை அடக்கிக்கொள்கிறது. பின் எழுந்தோடும் நொடியில் அத்துடிப்புச் சடுதியாக ஏறும்.

பதுங்கிய பறவை எப்போது எழும் என்பதே கேள்வி. நடந்துகொண்டிருப்பவன் திடீரென நின்றுவிட்டால் எழும் என்பது அனுபவமுள்ள வேட்டைக்காரர் எல்லாருங் கூறுவது. ஒரே கதியிற் செல்லுங் காலடியைப் பறவை கடந்துபோகும் பொருளாக மதிக்கின்றது. காலடி நின்றதும், தான் காணப்பட்டு விட்டதாகக் கொள்கின்றது. ஆதலின், “அவ்விடத்தில் எழுந்தது” என்று மட்டும் எழுதிவைத்தல் போதாது. நாம் நடந்தோமா, நின்றோமா, நேரே சென்றோமா, பக்கமாய்க் கடந்தோமா என்பனவும் அக்குறிப்பிலே இடம்பெறல் வேண்டும். பறவையின் செயலிற் பாதி நமது செயலுக்கு மறுமொழியன்றோ?

இனி எழுதல். வட்ட வடிவான குறுஞ்சிறகு, பருத்த நெஞ்சு. இவ்விரண்டுஞ் சேர்ந்து நெடுந்தூரப் பயணத்திற்கு ஏற்றனவல்ல. கண்மூடித் திறக்குமுன் நிலத்தை விட்டு மேலெழுதற்கே ஏற்றன. கோழிக்கறி சமைப்போர் அறிவர்: நெஞ்சிறைச்சி வெண்மை, காலிறைச்சி கருமை. காலில் உள்ள தசைநார் குருதியிலிருந்து இடையறாது பிராணவாயுவைப் பெற்று நெடுநேரம் உழைப்பது, அதனாற் கருமை. நெஞ்சின் வெண்டசை தன்னுட் சேமித்த சர்க்கரைச் சத்தைச் சில நொடிகளுக்குள் எரித்துப் பேராற்றலைத் தருவது. ஆயின் விரைவிற் களைத்துவிடும். புறாவின் நெஞ்சு கருஞ்சிவப்பாயிருப்பதை ஒப்புநோக்குக. அது நெடுநேரம் பறக்கும். மத்தியதரைக் கடலைக் கடந்து ஆபிரிக்காவுக்குச் செல்லும் ஐரோப்பியக் காடை, கௌதாரிக்கு உறவாயிருந்தும், அதன் நெஞ்சிறைச்சி கருமை மிக்கது. பயணமே தசையை வகுக்கின்றது.

ஆகவே கௌதாரியின் பறத்தல் பின்வருமாறு நிகழும். ‘விர்’ரென்ற ஓசையோடு எழும். அவ்வோசை அணுகியவனைத் திடுக்கிடச் செய்து ஒரு கணத்தைப் பறவைக்கு ஈட்டித் தருகின்றது. சில விரைந்த சிறகடிகள், பின் சிறகை வளைத்து அசையாது மிதத்தல், மீண்டுஞ் சிறகடி, மீண்டும் மிதத்தல். விரிந்த வாலின் ஓரத்துச் செம்பழுப்பு இறகுகள் அப்போதுதான் தெரியும். சிறிது தூரத்தில் ஒரு பற்றைக்குப் பின்னே இறங்கும். புதிதாய்ப் பழகுவோர் இவ்விடத்திலேதான் ஏமாறுவர். இறங்கிய இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே சென்று தேடுவர். பறவையோ கால் நிலத்திற் பட்டதும் ஓடத் தொடங்கி, வேறொரு திசையில் அப்பாற் போயிருக்கும். ஓட்டம், பறத்தல், மீண்டும் ஓட்டம். பறத்தல் இவ்விரண்டு ஓட்டங்களுக்கும் இடையேயுள்ள பாலம் மட்டுமே.

கூட்டமாயிருக்கும் பறவைகள் எழும் முறை வேறொன்று. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுச் சிறு பற்றைக்காடை. இலங்கையின் கிழக்கு, ஊவாப் பகுதிகளிலும் இந்தியாவிற் பல இடங்களிலும் வாழ்வது. மிதிபடுமளவுக்கு நாம் நெருங்கும்வரை அசையாது ஒன்றோடொன்று நெருங்கியிருக்கும். பின் ஒரே கணத்திற் சிதறு தேங்காய்போல எல்லாத் திசையிலும் தெறிக்கும். பத்துத் திசையிற் செல்லும் பறவைகளுள் எதனைத் தொடர்வதென்று வேட்டை விலங்குக்குத் தெரியாது. நமக்குந் தெரியாது. எண்ணிக்கை எழுத முயல்வோர், முதலில் எழுந்த பறவையைக் கண்ணால் தொடர்வதை விட்டு, பற்றையிலேயே பார்வையை நிறுத்துதல் வேண்டும். எல்லாம் போயின என்று எண்ணிய பின்னர் ஒன்றிரண்டு பிந்தி எழுவதும் உண்டு. ஊவாவின் புல்மலைகளிலே வாழும் வண்ணக் கௌதாரியைப் பற்றி இங்கு விரிக்கவில்லை. அதனைக் கண்டவரிலும் குரல் கேட்டவரே மிகுதி.

வரிக்காடை என்று நாம் அழைக்கும் பறவை உண்மையிற் காடையன்று. அதன் காலிற் பின்விரல் இல்லை. உறவு முறையில் அது கோழியினத்தைவிடக் கரையோரப் பறவைகளுக்கே அண்மையானது. பேடே பெரியது, நிறம் மிக்கது, குரல் கொடுப்பது. சேவல் அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும். உருவத்திற் காடையோடு ஒப்புமை கொண்டதுபோல எழும் முறையிலும் ஒப்புமையுண்டு. காலடியிலிருந்து எழுந்து, புல்லின் தலையை ஒட்டிச் சில யார் தூரம் பறந்து விழும். ஆனால் இரண்டாம் முறை எழுப்புதல் அரிது. முதல் எழுச்சிக்குப் பின் அது சிறகை மறந்து, புல்வேர்களுக்கிடையே எலிபோல ஊர்ந்து போய்விடும். ஒரே பறவையை மீண்டும் மீண்டும் எழுப்பித் துன்புறுத்தாதிருக்க நமக்கு நினைவூட்டுவதுபோல அதன் இயல்பு அமைந்திருக்கின்றது.

காட்டுக்கோழி இலங்கைக்கே உரியது. நம் நாட்டின் தேசியப் பறவையும் அதுவே. 1831இல் பிரெஞ்சு அறிஞர் லெசோன் அதனை உலகுக்கு அறிவித்து, லபாயெத் என்னும் படைத்தலைவரின் பெயரை அதற்கு வைத்தார். மஞ்சள் நடுவமைந்த செங்கொண்டையையுடைய சேவலை ஒருமுறை கண்டவர் மறவார். மனிதனைக் கண்டால் வாலைத் தாழ்த்தி ஓடி மறையும். நாய் துரத்தினாற் பெருங் கூச்சலோடு எழுந்து மரக்கிளையில் ஏறும். பகை எது என்பதை அறிந்து செயல் மாறுபடுகின்றது. இதனை விளங்கிக்கொள்ளக் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. வீட்டு முற்றமே போதும். வானிலே பருந்தின் நிழல் தோன்றினால் வளர்ப்புச் சேவல் மெல்லிய நீண்ட ஒலி ஒன்றை எழுப்பும். ஏனைய கோழிகள் பதுங்கும் அல்லது மறைவுக்கு ஓடும். நிலத்திலே நாயோ கீரியோ வந்தால் விட்டுவிட்டு வெடிக்கும் உரத்த கொக்கரிப்பு. அதைக் கேட்ட கோழிகள் பதுங்காமல் நிமிர்ந்து நின்று சுற்றிப் பார்க்கும். ஒலியை மட்டும் பதிவுசெய்து கேட்பித்தபோதும் கோழிகள் இவ்வாறே வேறுபட்டு நடந்தன என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். சொல்லுக்குப் பொருளுண்டு என்பது மனித மொழிக்கு மட்டும் உரிய சிறப்பென்று கற்பிக்கும் மொழியாசிரியர் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் நன்று.

எவ்வளவு தூரத்தில் எழும் என்பதும் பறவைக்குப் பறவை மட்டுமன்றி, இடத்துக்கு இடமும் மாறும். வில்பத்து, யால ஆகிய காப்பகங்களிற் காட்டுக்கோழி வண்டிப் பாதையோரத்தில் நின்று கிளறும். வேட்டையாடப்படும் ஊர்ப்புறக் காடுகளில் அதே இனம் கண்ணுக்கே அகப்படாது. 1986இல் இடன்பேர்க், டில் என்னும் அறிஞரிருவர் இதற்கொரு விளக்கந் தந்தனர். பகையைக் கண்டவுடன் பறவை ஓடுவதில்லை. இருப்பதால் நேரும் ஆபத்து, ஓடுவதால் நேரும் நட்டத்தை விஞ்சும் இடத்திலேயே ஓடுகின்றது. இரை, நிழல், துணை, செலவாகும் ஆற்றல் யாவும் அந்நட்டத்தில் அடங்கும். ஆகவே பறவை எழுந்த தூரத்தைக் காலடியால் எண்ணிக் குறித்து வைத்தால், அவ்வூரிலே மனிதர் அப்பறவைக்கு என்ன செய்து வந்துள்ளனர் என்பதையும் ஓரளவு குறித்து வைத்தவர்களாகின்றோம். பத்தாண்டு இவ்வாறு எழுதப்பட்ட ஒரு குறிப்பேடு எந்தப் பாடசாலையிலாவது இருக்குமாயின் அதன் பெறுமதியை அளவிட முடியாது. பற்றைகள் வெட்டப்படுகின்றன, மணல் அள்ளப்படுகின்றது. கௌதாரி குறைந்துவிட்டதென்று முதியோர் சொன்னால், “எத்தனையிலிருந்து எத்தனையாக?” என்று அதிகாரிகள் கேட்பர். அக்கேள்விக்கு விடை நம்மிடம் எழுத்தில் இல்லை. ஊர்ப்பெயரிலே பறவை நிலைத்திருப்பதை எவருஞ் சான்றாக ஏற்கமாட்டார்.

இக்குறிப்பை எழுத முனைவார்க்குச் சில எச்சரிக்கைகள். கண்ணி என்பது நம் முன்னோர்க்குப் பறவை பிடிக்குஞ் சுருக்குக்கயிறு. இளமையில் வடலிக்குள் கண்ணி வைத்தவர் இம்மலரின் வாசகருள் எவருமிலர் என்று கூற நாம் துணியோம். இன்று வடபகுதியில் அச்சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது கண்ணிவெடி. 2009இற் போர் முடிந்த பின் ஆண்டுக்கணக்காக அகற்றும் பணி நடந்தும், முகமாலை போன்ற இடங்களில் நிலம் எளிதிற் தூய்மையாகவில்லை. ஆளரவமற்ற பற்றைக்காடு பறவைக்கு நல்லிடம். ஆளரவமற்றுப் போனதன் காரணத்தை விசாரியாமல் நாம் அதனுட் காலெடுத்து வைத்தலாகாது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தை விட்டு விலகுக. பலகை இல்லாத இடத்தையும் ஊரவரைக் கேட்டே நடக்குக. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் மாடு மேயும் தரவை, நடந்து பழகிய ஒற்றையடிப் பாதை, வயலோரம் ஆகியவற்றோடு நின்றுவிடுதலே முறை. எழும் பறவையைக் காண அவையே போதும்.

நாயை அழைத்துச் செல்ல வேண்டா. கல்லெறிந்து எழுப்பவும் வேண்டா. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இப்பறவைகளைக் காக்கின்றன. அவற்றைச் சுடுதலும் பிடித்தலுங் குற்றம். நாம் நமது வழியே நடக்கையில் தானாக எழுவதை எழுதினாற் போதும். தனியொரு பறவை காலடியிலே எழுந்து, தொலைவிற் செல்லாமல் அருகிலேயே சுற்றி நிற்குமாயின் அவ்விடத்திற் கூடு இருக்கக்கூடும். கௌதாரி புல்லடியிற் சிறு குழியிலே நான்கு முதல் ஒன்பது வரை வெளிர்நிற முட்டைகளிட்டு, 18 அல்லது 19 நாள் அடைகாக்கும். நாம் கூட்டைத் தேடி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலிற் கிடக்கும். வேலியிலிருக்குங் காகமும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். உடனே வந்த வழியே திரும்புக. மாலையிற் பொழுதுசாயும் முன்னுள்ள ஒரு மணி நேரத்திலும் பறவைகளை எழுப்பும் வகையில் நடத்தல் தகாது. கௌதாரிக் குடும்பம் இரவில் முள்மரக் கிளையில் ஒன்றாகத் தங்குவது. பொழுதுபடச் சிதறிய கூட்டம் இருட்டுமுன் ஒன்றுசேர இயலாமற் போகலாம்.

காலையில் எழுந்த கூட்டமாயின், அவை போன பின்னர் நாமும் போய்விடலாகாது. வடலியின் நிழலில் அமர்ந்து மணிக்கூட்டைப் பார்த்துக் காத்திருத்தல் வேண்டும். முதலிற் புறாக்களும் தவிட்டுக்குருவிகளும் தம் வேலையைத் தொடங்கும். சிறிது நேரங் கழித்து ஒரு பற்றையிலிருந்து மெல்லியதாக ஒரு குரல் எழும், உடனே அடங்கிவிடும். மறுபக்கத்திலிருந்து ஒரு மறுமொழி வரும். பின்னர் மூன்றாவது குரல். குரல்களுக்கிடையேயுள்ள தூரம் குறைந்துகொண்டே வரும். ஒரு பறவையும் கண்ணுக்குத் தெரியாது. எழுந்த நேரம், முதற் குரல் கேட்ட நேரம், கடைசிக் குரல் அடங்கிய நேரம் ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அக்குரல்கள் ஒன்றுகூடிய பக்கத்தை விலக்கி, வேறு வழியாலே வீடு திரும்புதல் வேண்டும்.